துஷ்டி வீட்டில் ஒரு தெர்மகோல் பெட்டி

இந்தப் பங்குனியில் போடிக்குப் பக்கத்தில் சிலமலை என்கிற ஊருக்கு ஒரு துஷ்டிக்குப் போயிருந்தேன். இறந்தவர் என் பள்ளித் தோழி ராணியின் அப்பா. மாலையைப் போட்டுக் கும்பிட்டுத் திரும்பினேன். ராணி என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள். கட்டிக்கொண்டு அழப் போகிறாள் என்று நினைத்தேன்.

ஒரு தெர்மகோல் பெட்டியை என் கையில் கொடுத்தாள்.

"இத கொஞ்சம் வச்சிருப்பியா புள்ள? வெயில் படக் கூடாது. ஆட்டாத."

"என்னடி இது?"

"எங்க பன்னிக்குச் சினை ஊசி."

பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

ராணி வாழ்க்கைப்பட்டது மலையில், போடிமெட்டுக்கு மேலே. அவளும் கணவர் முருகனும் ஏலக்காய் எஸ்டேட்டில் வேலை பார்த்துக்கொண்டே வெண்பன்றி வளர்க்கிறவர்கள். ஒரு முறை அந்தப் பக்கம் பன்றிக் காய்ச்சல் வந்தது. நோய் வந்தது, வராதது எல்லாவற்றையும் சேர்த்து அதிகாரிகள் வந்து கொன்று புதைத்தார்கள். கொட்டகை வெகுகாலம் காலியாகவே கிடந்தது. அப்புறம் துணிந்து இரண்டு பெண் குட்டிகளை வாங்கி வளர்த்தார்கள். வெளியிலிருந்து ஆண் பன்றியைக் கொண்டுவரப் பயம்... நோயும் கூடவே வந்துவிட்டால்? அதனால் வெளியூர்ப் பண்ணை ஒன்றிலிருந்து விந்தைக் குப்பிகளில் அடைத்து பஸ்சில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள்.

அன்று காலை போடி பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெட்டியை வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் அவளுக்குப் போன் வந்திருக்கிறது — அய்யா போய்விட்டார் என்று. பெட்டியோடு அப்படியே வந்துவிட்டாள். முருகனும் மேலேயிருந்து இறங்கி வந்துவிட்டார். வீட்டு மருமகன் இல்லாமல் எடுக்க முடியுமா?

விஷயம் என்னவென்றால், இரண்டில் ஒன்று அப்போது பருவத்துக்கு வந்திருந்தது. பன்றி அப்படி நிற்பது ஒன்றிரண்டு நாள்தான். அன்று சாயங்காலத்துக்குள் ஊசி போட்டாக வேண்டும். தவறினால் மூன்று வாரம் காத்திருக்கணும்.

பெட்டியைப் பார்த்த அவளுடைய சித்தி சொன்னார்: "கெட்டுப் போற சாமான்னா, அய்யா பெட்டிக்குப் பக்கத்துல வையேன்டி. அங்கதான் சில்லுனு இருக்கு."

அய்யாவைக் கிடத்தியிருந்த குளிர்பெட்டியைச் சொல்கிறார். பாவம், நல்ல மனசோடுதான் சொன்னார்.

"வேணாம் சித்தி. ரொம்பக் குளுந்தாலும் செத்துரும்."

அந்தக் கடைசி வார்த்தை விழுந்ததும் சுற்றி இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். ராணியின் அண்ணன் பாண்டி திரும்பிப் பார்த்தார்.

"என்னது அது?"

சொன்னாள்.

"அய்யா கெடக்காரு... ஒனக்குப் பன்னி பெருசாப் போச்சா? கொண்டு போ வெளிய!"

 நான்தான் பெட்டியோடு பக்கத்து வீட்டுக்குப் போனேன். இருட்டான உள்ளறை. பெட்டிக்குள் குப்பிகளோடு ஒரு சின்னத் தெர்மாமீட்டர். பதினேழு டிகிரியை ஒட்டியே இருக்கணும் என்று சொல்லியிருந்தாள். ஃப்ரிட்ஜ் ஆகாது, பங்குனி வெயிலும் ஆகாது. முள் கொஞ்சம் ஏறினால் பெட்டியின் மேல் ஈரத்துணியைப் போட்டேன். அடியில் படிந்துவிடாமல் இருக்க, இடையில் ஒரு தடவை குப்பிகளை மெதுவாகப் புரட்டி வைத்தேன். வெளியே கொட்டுச் சத்தம். உள்ளே நான்... கைக்குழந்தைக்குக் காவல் இருப்பவளைப் போல!

மத்தியானத்துக்கு மேல் எடுத்தார்கள். முருகனோடு ஆண்கள் எல்லாரும் சுடுகாட்டுக்குப் போனார்கள். பெண்கள் குளித்தார்கள். ஈரத்தலையோடு ராணி அவள் அம்மாவின் முன்னால் போய் உட்கார்ந்தாள்.

"ஆத்தா... நான் மேல போயிட்டு, காலைல பாலு ஊத்துறதுக்குள்ள வந்துர்றேன்."

அந்த அம்மா மகளைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார்.

"ஒத்தையில போகாத. வெரசா வந்துரு."

ஒத்தையில் எப்படி விடுவது? நானும் மூணாறு பஸ்சில் ஏறினேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பத் திரும்ப ராணி பெட்டியை மடியில் அணைத்துப் பிடித்துக்கொண்டாள். பாதி மலையில் குளிர்காற்று அடிக்க ஆரம்பித்ததும் ஈரத்துணியை எடுத்துவிட்டுச் சால்வையைச் சுற்றினாள். கீழே சூட்டிலிருந்து காப்பாற்றியதை மேலே குளிரிலிருந்து காப்பாற்றணும். வழி முழுக்க அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அழவும் இல்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கொட்டகை வாசலில் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் உள்ளே விட்டாள். பன்றியின் முதுகில் கையை வைத்து அழுத்தினாள். அசையாமல் நின்றது. சுத்தம் செய்து, குழாயைச் செருகி, குப்பியை மாட்டி உயர்த்திப் பிடித்தாள்.

"அமுக்கி விட்டா வெரசா முடியாதா?" என்று கேட்டேன்.

"அமுக்குனா வெளிய வந்துரும் புள்ள. அதுவா இழுக்கணும். நாம நிக்கணும், அம்புட்டுத்தான்."

நின்றாள். பன்றியின் முதுகில் சாய்ந்தபடி நின்றாள். குப்பி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. அப்போதுதான் அவள் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அத்தனையும், "அய்யா... அய்யா..." என்று வெடித்து வந்தது. குப்பியைப் பிடித்திருந்த கை மட்டும் கீழே இறங்கவில்லை. நான் பக்கத்தில் போய் அவள் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்ய?

காலையில் அடுத்த குப்பியையும் போட்டுவிட்டு, எஸ்டேட்டில் ஆள் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பிய ஜீப்பில் இறங்கினோம். பால் ஊற்றக் கிளம்பும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். பாண்டி தங்கையோடு பேசவில்லை.

மூன்று வாரம் கழித்து ராணி போன் செய்தாள். "பிடிக்கல புள்ள. திரும்பப் பருவத்துக்கு வந்துருச்சு."

எங்கே தவறியது? துஷ்டி வீட்டுச் சூட்டிலா, பஸ் குலுக்கலிலா, என் கையிலா? தெரியவில்லை. எல்லாம் சரியாகச் செய்தாலும் சில நேரம் பிடிக்காதாம். அதை அவள் சாதாரணமாகச் சொன்னாள். 

மறுபடியும் பெட்டி வந்தது. ராணிக்குக் காய்ச்சல். அவளையும் பன்றிகளையும் விட்டு முருகன் நகர முடியவில்லை. "நீ போய் வாங்கிக் கொண்டாறியா?" என்று கேட்டாள். போடி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். பெட்டி அங்கே இல்லை. யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம்.

யார் தெரியுமா? பாண்டி. ராணிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு அவர்கள் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார். மூணாறு பஸ்சில் எட்டிப் பார்த்தேன்; ஜன்னல் வெயில் படாத பக்கமாக உட்கார்ந்திருந்தார். மடியில் பெட்டி. பன்றி வளர்க்கிற வீடு என்று தங்கை வீட்டு வாசலை அதுவரை மிதிக்காதவர்.

என்னைப் பார்த்ததும் கொஞ்சம் கூச்சப்பட்டார். "இத ஆட்டக் கூடாதாமே... இப்படி வச்சாச் சரியாம்மா?"

"சரிதாண்ணே."

அந்தத் தடவை பிடித்துவிட்டது. இப்போது அது நிறைசினை. அது பிறகு தெரிந்த சேதி. அன்று பஸ் கிளம்பும் நேரத்தில் கண்டக்டர் வந்து நின்று, "பெட்டியில என்னண்ணே? லக்கேஜ் போடணுமா?" என்று கேட்டார்.

பாண்டி பெட்டியை இன்னும் கொஞ்சம் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு சொன்னார்:

"தங்கச்சிக்குச் சீரு கொண்டு போறேன்ப்பா."