பாதி எலும்பு

ஐந்தாம் மாத ஸ்கேனுக்குப் போன அன்று வயிற்றிலிருந்த பிள்ளை மல்லாந்து படுத்துக்கொண்டு முதுகைக் காட்டவே இல்லை.

"கொஞ்சம் நடந்துட்டு, இனிப்பா ஏதாச்சும் குடிச்சுட்டு வாங்கம்மா. திரும்பிப் படுத்தா பாத்துடலாம்" என்றார் ஸ்கேன் டாக்டரம்மா.

நானும் கணவரும் தெருவில் இறங்கினோம். அவருக்கு மின்வாரியத்தில் வேலை. பர்மிஷன் போட்டுவிட்டு வந்திருந்தார். நல்ல வெயில். பெட்டிக்கடையில் மாம்பழ ஜூஸ் வாங்கிக் கொடுத்துவிட்டு, "திரும்பியிருக்குமா?" என்று கேட்டார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி அதையே கேட்டார்.

பிள்ளை திரும்பித்தான் இருந்தது. பிளந்த வெண்டைக்காயின் விதைகள் போல, திரையில் இரண்டு வரிசையாக வெள்ளைப் புள்ளிகள். டாக்டரம்மா ஓரிடத்தில் நிறுத்தினார். கருவியை நகர்த்தினார், மறுபடி அதே இடத்துக்கு வந்தார். அதுவரை பிள்ளையின் கையையும் காலையும் காட்டிப் பேசிக்கொண்டிருந்தவர் இப்போது திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தார்.

"என்ன டாக்டர்?"

"இருங்கம்மா, பாத்துட்டுச் சொல்றேன்."

பிறகு என் கணவரையும் உள்ளே கூப்பிட்டார். "தலை நல்லாருக்கு. தண்டுவடம் மூடித்தான் இருக்கு. காலும் நல்லா ஆட்டுது. ஆனா நடு முதுகுல ஒரு எலும்பு பாதிதான் உருவாகியிருக்கு. அந்த இடத்துல முதுகு லேசா சாயுது. கருவுல இருக்குற பிள்ளைகளுக்குன்னே பாக்குற டாக்டர் ஒருத்தர் இருக்காரு. அவர்கிட்டயும் காட்டிருங்க."

அவரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்தது. அந்த ஒரு வாரம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. மிஷன் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர் நான். பிள்ளைகள் குனிந்து எழுதும்போது வரிசைக்கு வரிசை போய் முதுகுகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நாகமலை புதுக்கோட்டைக்குத் திரும்பும் பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுப்பார்கள். உட்கார்ந்த வேகத்தில் எழுந்துவிடுவேன். வீட்டில் கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன்.

வாடிப்பட்டியிலிருந்து அண்ணன் போன் செய்தார்.

"தாயி, கோவிச்சுக்காத. இப்பவே ஒரு முடிவெடுத்துரு. நாளைக்கு அந்தப் பிள்ளையும் கஷ்டப்பட்டு, நீயும் கஷ்டப்படணுமா?"

"இன்னும் ஒண்ணுமே தெரியலண்ணே. அதுக்குள்ள என்ன முடிவு?"

"தெரிஞ்ச பெறகு நாள் கடந்துரும்ல?"

போனை வைத்துவிட்டுக் கணவரிடம் சொன்னேன். அவர் அண்ணனைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "அவரு சொல்றதுலயும் நாயம் இருக்குல்ல" என்றார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "அப்ப நீங்க வர வேணாம். நானே போய்க் கேட்டுக்கிறேன்" என்றேன். இரண்டு நாள் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் அந்த டாக்டரைப் பார்க்கப் போக வேண்டிய காலையில் எனக்கு முன்பே கிளம்பி, வண்டியைத் துடைத்துவிட்டு வாசலில் நின்றார்.

புது டாக்டர் வெகுநேரம் பார்த்தார். இதயம், சிறுநீரகம் எல்லாவற்றையும் தேடினார்.

"நடக்குமா நடக்காதா, அத மட்டும் சொல்லுங்க சார்" என்றார் கணவர்.

"நடக்கும்னுதான் நெனைக்கிறேன். வேற எந்தக் கோளாறும் தெரியல. ஆனா வளர வளர முதுகு வளையலாம், வளையாமயும் போகலாம். அத இப்பச் சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பெத்துக்கலாம்" என்றார். அதற்குப் பிறகு அண்ணனிடம் அவரே பேசினார்.

பெண் பிறந்தாள். எக்ஸ்ரேயிலும் அந்தப் பாதி எலும்பு தெரிந்தது. ஒரு வயது தாண்டி நடந்தாள். சில மாதங்களுக்கு ஒருமுறை எக்ஸ்ரே எடுப்போம். ஒவ்வொரு முறையும் அந்த வாரம் முழுக்க எனக்குச் சோறு இறங்காது. மூன்று வயதில் வளைவு கூடிவிட்டது. அந்த எலும்பை எடுத்துவிட்டால் நல்லது என்றார்கள். ஆபரேஷன் நடந்த பகல் முழுக்க அண்ணன்தான் எங்களோடு ஆஸ்பத்திரி வராந்தாவில் இருந்தார். உட்காரச் சொல்லியும் உட்காராமல் நடந்துகொண்டே இருந்தார். டாக்டர் வெளியே வந்து, "நல்லா முடிஞ்சது. காலை அசைக்கிறா" என்றதும் முதலில் அழுதது அவர்தான்.

கொஞ்ச காலம் மார்பைச் சுற்றிக் கட்டுப் போட்டிருந்தாள். இப்போது எல்.கே.ஜி. போகிறாள். குளிப்பாட்டும்போது என் விரல் தானாக அவள் முதுகுத்தண்டில் இறங்கும்.

"கூசுதும்மா, விடு" என்று நழுவி, ஈரக்காலோடு ஓடிவிடுகிறாள்.