ஊர்காவற்றுறைத் துறையில் பாரிஸ் நேரம்

பவளம் அக்கா போய்விட்டார்...

முந்தநாள் காலை செய்தி வந்தது. நெஞ்சு நோகுது என்றாராம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முன்னமே எல்லாம் முடிந்துவிட்டது. இன்று பின்னேரம் செத்தவீட்டால் வந்து இதை எழுதுகிறேன்.

ஊர்காவற்றுறையில் அனலைதீவுப் படகு ஏறுகிற இடத்துக்குப் பக்கத்தில் தேத்தண்ணிக் கடை வைத்திருந்தவர். "படகு எத்தனை மணிக்கு அக்கா?" என்று கேட்காமல் யாரும் அந்தக் கடையைத் தாண்டியதில்லை.

எனக்கு அவர் யார் என்று கேட்டால்... எங்கள் டெஸ்டிங் டிபார்ட்மென்ட். சிரிக்காதீர்கள், உண்மை.

தீவுகளுக்கான படகு நேரம் சொல்லும் ஆப் ஒன்றை நானும் கொழும்பில் இருக்கும் நண்பர் ஒருவரும் சேர்ந்து செய்தோம். காற்றுக் காலத்தில் படகு நேரம் மாறினால் உடனே போனில் காட்ட வேண்டும், அதுதான் அதன் வேலை.

எங்களிடம் இருந்தது ஆளுக்கொரு போன். மிச்சமெல்லாம் எமுலேட்டர்... அதாவது லப்டொப் திரையில் ஓடும் பொய்ப் போன்கள்.

அது போதாதென்று, எங்கோ வெளிநாட்டில் அடுக்கி வைத்திருக்கும் உண்மையான போன்களை இணையம் வழியாக வாடகைக்கு எடுத்துத் தட்டிப் பார்ப்போம். ஒன்றையும் கையால் தொட்டதில்லை. எல்லாவற்றிலும் ஆப் ஒழுங்காக ஓடியது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்தது.

அக்காவின் கடை வாசலில் கிடந்த மரவாங்கில் இருந்துதான் வேலை செய்வேன். அங்கே சிக்னல் நன்றாக இருக்கும். தேத்தண்ணியும்.

ஒருநாள் எட்டிப் பார்த்தார். "உதென்ன தம்பி, லப்டொப்புக்குள்ளை போன்?"

"எல்லா விதமான போனும் வாங்க ஏலாது அக்கா. அதுதான் இப்பிடி."

"ஏன் வாங்கிறீர்? படகுக்கு வாற சனத்தின்ரை கையிலை இல்லாத போனே?"

அன்றிலிருந்து தேத்தண்ணிக்கு வந்தவர்கள் எல்லோரும் மாட்டினார்கள். "தம்பிக்கு ஒருக்கா போனைக் குடுங்கோ. தின்னமாட்டார்."

பாதிப் போன்கள் வெளிநாட்டில் இருந்து வந்தவை. மச்சான் பாவித்தது, மகள் அனுப்பியது... பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் அப்படியே கிடக்கும். எங்கே எதை அழுத்துவது என்று போன் வைத்திருப்பவருக்கு மனப்பாடம். எனக்குத்தான் ஒன்றும் விளங்காது.

அக்காவின் போனைக் கேட்க மட்டும் எனக்குத் தோன்றவில்லை. அதில் யாரையோ கொண்டு ஆப்பைப் போடுவித்து வைத்திருந்தார்.

பிறகு ஒரு காற்று நாள். படகு நேரத்தை மாற்றிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தில் கிளினிக் காட்டிவிட்டுப் பிள்ளையோடு வந்த அனலைதீவுப் பெண் ஒருவர் கடையில் நேரம் கேட்டிருக்கிறார்.

மற்ற நாளில் அக்காவுக்கு நேரமெல்லாம் மனப்பாடம்; அன்று ஆப்பைப் பார்த்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "படகு காலமையே போயிட்டுது பிள்ளை" என்றார். அந்தப் பெண் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு வேலணையில் சொந்தக்காரர் வீட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்.

படகு மத்தியானம்தான் போனது.

அடுத்த நாள் நான் போனபோது தேத்தண்ணி வரவில்லை. "உம்மடை ஆப்பாலை நான் பொய்க்காரியாப் போனன்" என்றார். அவ்வளவு கோபத்தில் அவரை நான் பார்த்ததில்லை.

போனை வாங்கிப் பார்த்தேன். அது பாரிஸ் நேரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஆப்பும் கெட்டித்தனமாக மத்தியானப் படகைப் பாரிஸ் நேரத்துக்கு மாற்றி, காலைப் படகாகக் காட்டியிருக்கிறது. எங்கள் பொய்ப் போன் ஒன்றிலும் இப்படி ஒரு கூத்தை நாங்கள் யோசித்துப் பார்க்கவில்லை.

"போனிலை நேரம் பிழை அக்கா. இப்ப மாத்தி விடுறன்."

பட்டென்று பறித்துவிட்டார்.

"அதிலை கை வையாதையும். அது என்ரை பெடியன்ரை நேரம். இங்கத்தை நேரம் பார்க்கச் சுவரிலை மணிக்கூடு கிடக்கு. நீர் உம்மடை ஆப்பைத் திருத்தும்."

மகன் பாரிஸில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை. அங்கே தங்குவதற்கான விசாப் பேப்பர் சரிவராததால், போனதிலிருந்து ஊருக்கு வர முடியாமல் இருந்தவர். அவர் எப்போது படுத்திருப்பார், எப்போது வேலை முடிந்து வருவார் என்று அக்கா அந்தப் போனில்தான் பார்ப்பார்.

ஆப்பைத் திருத்தினேன். போன் எந்த நாட்டு நேரத்தில் ஓடினாலும் படகு இங்கத்தைய நேரத்தில்தான் போகும்.

எமுலேட்டரிலும் புதிதாக ஒரு போன் செய்தேன். இலங்கை சிம், பாரிஸ் நேரம். அதற்குப் பெயர் 'பவளம் அக்கா'. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் முதல் கொழும்பு நண்பர் கேட்பார், "அக்கா ஓம் எண்டிட்டாவோ?"

இதை அவரிடம் சொன்னபோது திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். "உதுக்குள்ளையும் என்னை இருத்தி வேலை வாங்கிறீர், என்ன?" தேத்தண்ணி வந்தது.

போன வருடம் மகனுக்குப் பேப்பர் சரிவந்தது. வருகிற லீவுக்கு வருவதாக இருந்தார். கடைக்கு வருகிற எல்லோருக்கும் அக்கா அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நேற்றுத்தான் மகன் வந்து இறங்கினார்...

இன்று அவர்கள் வீட்டில், எல்லாம் முடிந்த பிறகு, மகன் என்னோடு கதைத்துக்கொண்டிருந்தார். "நான் நித்திரையாக் கிடக்கேக்கை அம்மா ஒருநாளும் எனக்குப் போன் அடிச்சதில்லை தம்பி. அதெப்பிடி எண்டு நான் யோசிக்கிறனான்."

அக்காவின் போன் மேசையில் கிடந்தது. எடுத்துப் பார்த்தார். "நேரம் பிழையாக் கிடக்கு" என்று திருத்தப் போனார்.

"மாத்தாதேங்கோ அண்ணை. அது உங்கட நேரம்."

என்னைப் பார்த்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு போனைக் கையில் வைத்தபடியே கதிரையில் இருந்துவிட்டார்.

எனக்கு அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்துவிட்டேன்.

உங்கட போனிலை ஒருதரும் கை வைக்கேல்லை அக்கா... போயிட்டு வாங்கோ.