ஜீரோ வந்தால் சரி

சேலத்தில் கணவரும் எட்டு வயது மகளும். பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில், பிஜி என்கிற பெண்கள் விடுதியில், என் வயதில் பாதிகூட இல்லாத பெண்களுக்கு நடுவே நான். சேலத்திலிருந்தே வேலை பார்க்க அனுமதி கேட்டு மேனேஜரிடம் நடையாய் நடந்தேன். அவர் ஒரே நிபந்தனை போட்டார். எங்கள் மென்பொருளை யுனிக்ஸிலிருந்து விண்டோஸுக்கு மாற்றிக்கொண்டிருந்தோம். அதில் கம்ப்யூட்டரிலிருந்து தேதி, நேரம் எடுத்துத் தரும் பகுதியை இன்னொருவர் தனியாகச் சமாளித்துக் காட்ட வேண்டும். அதை எழுதிய பாவி நான் ஒருத்திதான்.

நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர் என்பார்கள். இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுத்தேன். இரண்டு பேரும் கற்றுக்கொண்டு வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். மூன்றாவதாக ஓசூர்க்காரப் பெண் ஒருத்தி வந்தாள். கெட்டிக்காரி. இரண்டு மாதம் அவளை நகரவிடவில்லை.

பரீட்சை நாளில் மீட்டிங் ரூமில் மேனேஜர், அவள், நான் என மூன்று பேர். அவள் மாற்றி எழுதியிருந்த புரோகிராம் விண்டோஸில் ஓடியது. நேரம் வரவேண்டிய இடமெல்லாம் காலி. ஏன் என்று அவளே கண்டுபிடிக்க வேண்டும். நான் வாயைத் திறக்கக் கூடாது.

எனக்குப் பார்த்த உடனே தெரிந்துவிட்டது. ஒரே புரோகிராமுக்குள் இணையாக ஓடும் பல திரெட்கள் ஒரே சமயத்தில் நேரம் கேட்டாலும் குழம்பாமல் தரும் ஃபங்ஷன் இரண்டிலும் உண்டு. யுனிக்ஸில் அது ஜீரோ தந்தால் தோல்வி. விண்டோஸில் ஜீரோ தந்தால்தான் வெற்றி. உள்ளே கொடுக்கும் இரண்டு விஷயங்களின் வரிசையும் தலைகீழ். வரிசையைச் சரியாக மாற்றியிருந்தாள். ஜீரோவை மறந்துவிட்டாள்.

இருபது நிமிடம் ஓடியது. நான் தண்ணீர் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தேன். "வரிசைதான் தப்போ" என்று முணுமுணுத்தபடி, சரியாக இருந்ததைப் பழையபடி மாற்றப் போனாள்.

"அதத் தொடாதடி. வரிசை சரிதான். விண்டோஸ்ல ஜீரோ வந்தா சரின்னு அர்த்தம், நீ தப்புன்னு எழுதி வச்சிருக்க."

சொன்ன பிறகுதான் பேசியது நான் என்றே உறைத்தது. கன்னடக்காரரான மேனேஜர் லேப்டாப்பை மூடினார்.

"நோடி, பாருங்க மேடம், இதுக்குத்தான் உங்கள அனுப்ப யோசிக்கிறேன். அடுத்த ரிலீஸ் முடியட்டும், பாக்கலாம்."

வெளியே வந்ததும் அவள் மெதுவாகச் சொன்னாள், "மாத்திப் பாத்துட்டு நானே பிடிச்சிருப்பேன்க்கா."

பிடித்திருப்பாள். அது எனக்கும் தெரியும். என் வாயை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சாயங்காலம் மகள் போன் செய்தாள்.

"அந்த அக்கா பாஸாம்மா?"

"ஆகியிருப்பா. நடுவுல அம்மா பதில் சொல்லிட்டேன்."

"உன்ன யாரும்மா கேட்டா?" என்றாள்.