எட்டு நாளில் பாதி

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் காக்ஸ் டவுனில் குடியிருந்தோம். நான் ஒரு கல்லூரியில் பி.யூ.சி. பெண்களுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். கதிரியக்கத் தனிமங்களின் அரை ஆயுள் பாடம் வரும்போது அயோடினைத்தான் உதாரணமாக எடுப்பேன். எட்டு நாளில் பாதி, பதினாறு நாளில் கால், இருபத்துநாலு நாளில் அரைக்கால். போர்டில் போடுவதற்குச் சுலபமான கணக்கு.

மகளுக்குப் பத்து மாதம் ஆனபோது என் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு புற்றுநோய். அறுவை சிகிச்சை செய்து சுரப்பியை எடுத்தார்கள். மிச்சமிருக்கும் செல்களை அழிக்க அதே கதிரியக்க அயோடினை விழுங்க வேண்டும் என்றார் டாக்டர். அதற்குப் பல வாரம் முன்பே தாய்ப்பாலை நிறுத்திவிட வேண்டும். இந்தக் குழந்தைக்கு மறுபடி கொடுக்கவே கூடாது. பால் மறக்கடிக்க வேப்பெண்ணெய் தடவிக்கொண்டேன். முகத்தைச் சுளித்துவிட்டுத் திரும்பவும் அதைத்தான் தேடி வந்தாள்.

மருத்துவமனைக்குப் போகுமுன் மகளை லிங்கராஜபுரத்தில் என் நாத்தனார் வீட்டில் விட்டோம். அவர் என் கணவருக்கு மூத்தவர், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணமாகிப் பல வருடமாகியும் அவருக்குக் குழந்தை இல்லை. "நிம்மதியா போயிட்டு வா, நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னார்.

ஈயக் குடுவையிலிருந்து எடுத்த ஒரு மாத்திரை. நான் விழுங்கியதும் எல்லோரும் அறையை விட்டு வெளியேறினார்கள். சாப்பாட்டைக் கதவோரம் வைத்துவிட்டுப் போவார்கள். தினமும் காலையில் ஒருவர் வாசலில் நின்றபடி கருவியை என் பக்கம் நீட்டி அளப்பார். நான் எட்டு நாள் கணக்கைச் சொன்னபோது அவர் சிரித்தார். அது அயோடினின் கணக்கு மட்டும்தானாம். உடம்பும் தன் பங்குக்குச் சிறுநீரில் அதை வெளியேற்றும். இரண்டும் சேர்ந்தால் இன்னும் சீக்கிரம் குறையும் என்றார். இத்தனை காலம் நான் நடத்திய பாடத்தில் உடம்பு என்ற ஒன்றே இருந்ததில்லை.

சில நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆனால் குழந்தையின் தைராய்டு பிஞ்சு, மூன்று வாரம் தூக்கவோ பக்கத்தில் படுக்க வைக்கவோ கூடாது என்றார்கள். கணவர் ஹாலில் படுத்துக்கொண்டார். தினமும் ஆபீஸ் முடிந்து ஸ்கூட்டரில் லிங்கராஜபுரம் போய் அவளைப் பார்த்துவிட்டு வருவார். என் அறை வாசற்படிக்கு அருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அவள் என்ன சாப்பிட்டாள், எப்போது தூங்கினாள் என்று சொல்வார்.

ஒரு நாள் பேச்சுவாக்கில், குழந்தை அக்கா வீட்டு மாமாவின் செருப்பைத் தூக்கிக்கொண்டு கேட் வரைக்கும் ஓடினாள் என்றார்.

"நடக்கறாளா?" என்று கேட்டேன்.

"போன வாரத்துலேர்ந்து. சொன்னா நீ அழுவேன்னு அக்காதான் வேணாம்னாங்க."

மூன்று வாரம் முடிந்ததும் டாக்டரைப் பார்த்தேன். இனி பயமில்லை, குழந்தையைத் தாராளமாகத் தூக்கலாம் என்றார். அன்று மாலையே லிங்கராஜபுரம் போனோம். மகள் என்னைப் பார்த்தாள், என் முகமும் கழுத்துத் தழும்பும் அவளுக்கு மறந்துபோயிருக்க வேண்டும். கையை நீட்டினேன். அவள் திரும்பி அக்காவின் புடவைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "ம்மா" என்றாள்.

அக்கா பதறிப்போய் அவளை என் மடியில் உட்கார வைத்தார். வீறிட்டு அழுதாள். திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

காபி கலக்கச் சமையலறைக்குப் போன அக்காவின் பின்னால் நானும் போனேன். அவர் அடுப்பைப் பார்த்தபடியே கேட்டார்: "கணக்கெல்லாம் சரியா போட்டியா? இன்னும் ஒரு வாரம் இங்க இருந்தா குழந்தைக்கு நல்லதில்லையா?"

டாக்டர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தேன். சர்க்கரை போட்ட டம்ளரிலேயே அவர் மறுபடி சர்க்கரை போட்டார். அவர் கேட்டது அயோடினைப் பற்றி இல்லை என்று அப்போதுதான் புரிந்தது.

"ஆமாக்கா, ஒரு வாரம் இருக்கட்டும்" என்றேன்.

அந்த வாரம் முழுக்க நான் காலியான தொட்டிலைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன்.

சொன்னபடி அடுத்த ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் அக்காவே ஆட்டோவில் குழந்தையைக் கொண்டுவந்தார். துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டு ஒரு பையில் வைத்திருந்தார். சாதத்தில் பருப்பை விட நெய் அதிகம் இருக்க வேண்டும், தூங்கும்போது காதைத் தடவிவிட வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தார். என் மகளின் பழக்கங்களை நான் கேட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன், ஆட்டோ நிற்கிறது என்றார். மகள் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுது ஓய்ந்தாள்.

சில மாதத்தில் என்னிடம் ஒட்டிக்கொண்டாள். காதைத் தடவினால்தான் தூங்குவாள் என்பது மட்டும் ரொம்ப நாள் இருந்தது. அக்கா எங்கள் வீட்டுக்கு வருவது குறைந்துவிட்டது.

கிறிஸ்துமஸுக்கு நாங்கள் லிங்கராஜபுரம் போனோம். குழந்தை அங்கே இருந்தபோது அடுப்பண்டை வந்துவிடாமலிருக்கச் சமையலறை வாசலில் மாமா குறுக்கே அடித்திருந்த பலகை அப்படியே இருந்தது. அக்கா கையில் கேக் தட்டோடு, புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, அதைத் தாண்டி வந்தார்.