சாம்பிராணி இல்லாத வெள்ளிக்கிழமைகள்

முதல் ஊசிக்குப் போன அன்று காலையில் நான் இரண்டு பொட்டலம் நாசி லெமாக் (தேங்காய்ப்பாலில் வேகவைத்த சோறு) சாப்பிட்டுவிட்டுப் போனேன். சம்பல், பொரித்த மீன் எல்லாம் சேர்த்துத்தான். "கொமட்டும், லேசா ஏதாச்சும் சாப்பிட்டு வாங்க" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மருந்து கை வழியாகத்தானே போகிறது, அதற்கும் வயிற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு நானே வாதாடி, எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். மத்தியானத்துக்குள் அந்தத் தீர்ப்பு வார்டுத் தாதியின் வெள்ளைக் காலணி மேல் வந்து விழுந்தது.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே ஊசிக்குப் பேர் கொடுத்துவிட்டு, பயந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் இதைப் படிக்கலாம். அவர்களாவது பட்டினியாகவும் போகாமல், பந்தியில் உட்கார்ந்து எழுந்த மாதிரியும் போகாமல், நடுவாந்தரமாகப் போகட்டும்.

நான் பண்டார் ஹிலிரில் ஒரு ஜவுளிக் கடையில் வேலை பார்க்கிறவன். மெர்டேக்கா (சுதந்திரம்) கிடைத்த வருஷம் கொடித் துணிக்கு அப்படி ஒரு கிராக்கி. சிவப்பும் வெள்ளையும் நீலமுமாகத் துணிக்கட்டுகளைத் தோளில் தூக்கித் தூக்கிப் போட்டேன். அதனால் வலது கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தபோது, நாட்டுக்கு உழைத்த தழும்பு என்று நினைத்துக்கொண்டேன். சட்டைக் காலர் பொத்தான் மாட்டவில்லை. அடுத்த அளவு சட்டை எடுத்தேன். அதுவும் இறுக்கிப் பிடித்தபோது, "உங்களுக்கு வசதி வந்துருச்சுங்க, கழுத்து பெருக்குது" என்று கடைப் பையன்கள் சொன்னார்கள். நானும் நம்பினேன்.

என் மனைவி சொர்ணம்தான் நம்பவில்லை. "வசதி வந்தா வயித்துல வரும். ஒரு பக்கக் கழுத்துல மட்டும் வருமா?" என்று கேட்டு, கையைப் பிடித்து ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

டாக்டர் சென்னையில் படித்தவர், அதிகம் பேசாதவர். கட்டியில் ஒரு துண்டு எடுத்துக் கோலாலம்பூருக்கு அனுப்பினார். முடிவு வந்ததும் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொன்னார். நிணநீர்க் கணுக்களில் (கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் இருந்துகொண்டு கிருமிகளை வடிகட்டும் சின்ன முடிச்சுகள்) புற்றுநோய். மாதத்துக்கு ஒரு தடவையாக ஆறு தடவை கீமோதெரபி (நோயணுக்களைக் கொல்லும் மருந்தை இரத்தத்தில் ஏற்றும் சிகிச்சை). வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமைதான் அந்த மருந்தைக் கலப்பார்கள்.

"டாக்டர், இது சின்ன சைஸா, பெரிய சைஸா?" என்று கேட்டேன். கடைப் புத்தி.

அவர் சிரிக்கவில்லை. "ஊசி போட்டா கரையும். பாதியில விட்டா திரும்ப வரும், வந்தா மோசமா வரும். எவ்வளவு வாந்தி வந்தாலும் பாதியில விடக்கூடாது. உங்ககிட்ட நான் கேக்கிறது அது ஒண்ணுதான்."

தலையாட்டினேன். வாந்திதானே என்று நினைத்தேன்.

குமட்டலை எழுத்தில் சொல்வது கஷ்டம். வலி என்றால் விரலை வைத்து இடம் காட்டலாம். இதற்கு இடம் கிடையாது. உடம்பு மொத்தமும் ஒரு பெரிய மூக்காகிவிடும். நாலு வீடு தள்ளி யாராவது பெலாச்சான் (இறால் விழுது) சுட்டால் எனக்குத்தான் முதலில் தெரியும். கடையில் கஞ்சி போட்ட புதுத்துணி வாசம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். அந்த வாசத்துக்கே கல்லாவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். சேலை பார்க்க வந்த ஒரு அம்மா, நான் வாயைப் பொத்தியதைப் பார்த்துவிட்டு, "அவ்ளோ கேவலமாவா இருக்கு இந்தக் கலரு?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

சில விஷயங்கள் உதவின. சூடான சாப்பாட்டைவிட ஆறிய சாப்பாடு இறங்கும், ஏனென்றால் அதற்கு வாசம் குறைவு. படுக்கையிலிருந்து எழுவதற்கு முன்பே ஒரு உப்பு பிஸ்கட்டை மென்றுவிடுவது நல்லது. தண்ணீரை மடக் மடக்கென்று குடிக்காமல் ஐஸ் துண்டை வாயில் அடக்கிக்கொள்ளலாம். டாக்டர் கொடுத்த மாத்திரை குமட்டலைப் பாதியும் என்னை முழுசாகவும் அடக்கியது, தூங்கிக்கொண்டே இருந்தேன். பக்கத்து வீட்டுச் சிட்டி (மலாய் பேசும் பழைய இந்து வம்சம்) அம்மாவை நாங்கள் மாச்சிக் என்று கூப்பிடுவோம். அவருக்குத் தமிழ் வராது, மலாய்தான். அவர் வேலிக்கு மேலாக நீட்டிய அசாம் போய் (உப்பிலும் புளிப்பிலும் ஊறிக் காய்ந்த பழம்) எந்த மாத்திரைக்கும் குறைந்ததில்லை.

இன்னொன்று. உங்களுக்கு ரொம்பப் பிடித்த சாப்பாட்டை ஊசி நாளன்று கிட்டேயே கொண்டுவராதீர்கள். நாசி லெமாக்கை நான் இன்னும் தொடவில்லை. அப்போதே இதை யோசித்திருந்தால், பின்னால் நடந்த கூத்தைத் தவிர்த்திருக்கலாம்.

முதல் தடவை வார்டிலேயே வைத்திருந்தார்கள். வீடு காஜா பேராங்கில், பக்கம்தான் என்று கெஞ்சி, இரண்டாவது ஊசியிலிருந்து சாயங்காலமே பேச்சா (மூன்று சக்கர மிதிவண்டி) வண்டியில் திரும்பினேன், வாந்திக்கு மடியில் ஒரு காலி பிஸ்கட் டின்னை வைத்துக்கொண்டு. வீடு சேரும் நேரம் சொர்ணம் சாம்பிராணி போட்டுக்கொண்டிருப்பாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒரு வெள்ளிக்கிழமை தவறியதில்லை. எனக்கு நோய் என்று தெரிந்த பிறகு அவள் அள்ளிப் போடும் கைப்பிடி பெரிதானது. சாமி அறை, கூடம், அடுப்படி, கடைசியில் என் கட்டிலைச் சுற்றி மூன்று முறை. எந்தத் தீட்டும் என்னை அண்டக்கூடாது என்று புகையாலேயே வேலி கட்டினாள்.

மூன்றாவது ஊசி முடிந்து இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஊசி இல்லாத சாதாரண வெள்ளிக்கிழமை. உடம்பு நன்றாகத்தான் இருந்தது. சொர்ணம் தணலில் சாம்பிராணியைத் தூவினாள். அடுத்த நிமிஷம் நான் கிணற்றடியில் குனிந்து நின்றேன். கோயிலுக்குப் போனோம், அங்கேயும் அப்படியே. தூபக்கால் என் பக்கம் திரும்பியதும் ஓடிப்போய் வெளியே நின்றேன்.

இது செமாபோக்கில் இருக்கும் மதினி காதுக்குப் போனது. மதினி என்றால் சொர்ணத்தின் அக்கா. வந்தார், என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தூபம் ஆகல, கோயில் ஆகல. இது சீக்கு இல்ல சொர்ணம். எதுவோ ஏறியிருக்கு. அந்த ஊசிதான் ஓட்ட போட்டு உள்ள விட்டிருக்கு."

"அக்கா, சும்மா இரு."

"நான் சும்மா இருக்கேன். இவருக்குள்ள இருக்கறது சும்மா இருக்குமா?"

நான் வழக்கம்போல ஏதோ சொல்லிச் சிரித்தேன். உள்ளுக்குள் வேறு கணக்கு ஓடியது. இன்னும் மூன்று ஊசி. நினைத்தாலே வாயில் எச்சில் ஊறியது, பசிக்கு ஊறும் எச்சில் இல்லை. நிறுத்திவிட்டேன் என்று என் வாயால் சொன்னால் கோழை என்பார்கள். பேய் நிறுத்தச் சொன்னது என்றால் யாரும் ஒன்றும் கேட்க முடியாது. அதனால் மதினி சொன்ன பூசாரியிடம் போக உடனே ஒத்துக்கொண்டேன். சொர்ணம் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

குருபோங் பக்கம், ரப்பர் தோட்டத்துக்குள் ஒரு முனீஸ்வரன் கோயில். பூசாரி கட்டை குட்டையான ஆள், நல்ல குரல். என்னை உட்காரவைத்துத் தணலைக் கொண்டுவந்து சாம்பிராணியை அள்ளிப் போட்டார்.

"யார்ரா நீ? எங்கேர்ந்து வந்த?"

"காஜா பேராங்ல இருந்துண்ணே. பஸ்ஸுலதான்."

"ஒன்னக் கேக்கல! உள்ள இருக்கறவனக் கேக்கறேன்!"

"உள்ள காலையில குடிச்ச கஞ்சிதாண்ணே இருக்கு. அதுவும் இப்ப வந்துரும் போல, கொஞ்சம் தள்ளி..."

சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டது. பூசாரியின் வேட்டிக் கரை போயிற்று.

"பாத்தியா சொர்ணம், பாத்தியா! எப்படித் துடிக்குது பாரு!" என்று மதினி கும்பிட்டார்.

பூசாரி வேட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தணலைத் தூரமாக வைக்கச் சொன்னார். எனக்கு மூச்சு வந்தது. கற்பூரம் கொளுத்தி முகத்துக்கு நேராகக் காட்டினார். ஒன்றும் ஆகவில்லை. வேப்பிலையால் அடித்தார். சுகமாக இருந்தது. விபூதியை நெற்றியில் அறைந்தார். தும்மினேன். மறுபடி தணல் கிட்டே வந்ததும் வாயைப் பொத்தினேன்.

"அம்மா, கற்பூரத்துக்கு அசையல. வேப்பிலைக்கு இன்னும் ரெண்டு அடிங்கறாரு. சாம்பிராணிக்கு மட்டும் கொமட்டற பேய நான் பாத்ததில்ல. கூட்டிட்டுப் போங்க."

அவர் கை கழுவும் இடத்துக்குப் போய் மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, அந்த ஊசிய நிறுத்தணும்னு ஒரு வார்த்த சொல்லிட்டீங்கன்னா நல்லாருக்கும்."

"அத நான் எப்படிலா சொல்றது? நீ செத்துட்டா ஒன் பொண்டாட்டி எங்கிட்டத்தானே வரும்?"

திரும்பும் பஸ்ஸில் மதினி தூங்கிவிட்டார். சொர்ணம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். பிறகு கேட்டாள்.

"ஊசி வெள்ளிக்கிழமதானே?"

"ஆமா."

"நீங்க வீட்டுக்கு வந்ததும்தானே வாந்தி அதிகமாவும்? அப்ப நான் என்ன பண்ணிட்டிருப்பேன்?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது.

"கட்டிலச் சுத்தி மூணு தடவ," என்றாள். "நான்தான் அள்ளி அள்ளிப் போட்டிருக்கேன்."

ஏதாவது தமாஷாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

டாக்டரிடம் சொன்னோம். பேய்க் கதையையும் விடாமல் சொன்னேன். "நடக்கும்," என்றார். "ஒடம்பு தானா ஒரு பாடம் படிச்சிருச்சு. அந்த வாசம் வந்தா விஷம் வரப்போகுதுன்னு நினைக்குது. நிஜ மருந்து உள்ள இல்லாட்டியும் வாந்தி எடுக்கும். இது பைத்தியமும் இல்ல, பாசாங்கும் இல்ல. அந்த வாசம் இல்லாம பாத்துக்குங்க." ஊசிக் கிழமையை மாற்ற முடியுமா என்று கேட்டேன். முடியாது என்றார்.

"அப்ப சாம்பிராணிய நிறுத்திடறேன்," என்றாள் சொர்ணம்.

மதினி கொதித்துப்போனார். "புருஷன் சீக்கா கெடக்கறப்ப தூபம் போடாத பொம்பளய நான் எங்கயும் பாத்ததில்ல!"

"இப்ப பாத்துக்கக்கா."

மாச்சிக் வீட்டிலும் வெள்ளிக்கிழமை சாம்பிராணிதான், அவர்கள் கெமஞான் என்பார்கள். சொர்ணம் வேலியருகே நின்று, தனக்குத் தெரிந்த மலாயில், கையையும் வயிற்றையும் காட்டி விளக்கினாள். மாச்சிக் கடைசி வரை கேட்டுவிட்டு "தாப்பாலா" என்றார், பரவாயில்லை என்று அர்த்தம். அடுத்த வெள்ளியிலிருந்து அவர் வீட்டுப் புகை நான் வருவதற்கு முன்பே முடிந்துவிட்டது.

நாலாவது ஊசி நாள். ஆஸ்பத்திரி வாசலில் பேச்சாவிலிருந்து இறங்கியதும் என் கால் உள்ளே போக மறுத்தது. "அடுத்த மாசம் சேத்துப் போட்டுக்கலாமே, ஒண்ணாக் கேட்டா ரெண்டு ஊசிக்குக் கழிவு கெடைக்கும்," என்றேன். சொர்ணம் சிரிக்கவில்லை.

"நான் சாமிகிட்ட சொல்லிட்டுத்தான் நிறுத்தினேன். இவரு முழுசும் போட்டுட்டு வரட்டும், அது வரைக்கும் பொறுத்துக்கன்னு கேட்டிருக்கேன். நீங்க பாதியில திரும்பி வந்தீங்கன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அங்க போய் நிக்கிறது?"

உள்ளே போனேன். அன்றைக்கும் வாந்தி எடுத்தேன். ஐந்தாவதுக்கும் ஆறாவதுக்கும் எடுத்தேன். ஊசி நாளில் வருவது வந்தது. ஆனால் ஊசி இல்லாத வெள்ளிக்கிழமைகள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. வீட்டில் எந்த வாசமும் இல்லை. ஆறின மோர்ச்சோறும் காற்றும்தான். மதினி இரண்டு வெள்ளி வரவில்லை. மூன்றாவது வெள்ளி ஐஸ் கட்டியைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து, தானே உடைத்துக் கொடுத்தார்.

கட்டி கரைந்துவிட்டது. போய்விட்டதா என்று டாக்டரைக் கேட்டால், "தூங்குது" என்கிறார். சில வருஷங்களாக நன்றாகத் தூங்குகிறது. நானும் சத்தம் போடாமல் நடமாடுகிறேன். காலையில் சட்டை போடும்போது விரல் தானாகக் கழுத்துக்குப் போகும். ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் பொத்தான் போடும். அந்த ஒரு கணத்தில் அன்றைய நாள் முழுவதும் எனக்குக் கொடுக்கப்பட்டது மாதிரி இருக்கும். முன்பெல்லாம் மாதங்களைச் சம்பளத்தாலும் தீபாவளியாலும் எண்ணினேன். இப்போது எண்ணுவதே குறைந்துவிட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை வெறும் செவ்வாய்க்கிழமையாக வந்துவிட்டுப் போனாலே திருப்தி.

இந்த உடம்பை முன்பு நான் ஓட்டுகிற வண்டி என்று நினைத்திருந்தேன். இப்போது அது எனக்குத் தெரியாமல் படிக்கிற, தப்பாகவும் படிக்கிற, படித்ததை மறக்காத ஒரு கூட்டாளி. அதனுடன் சண்டை போட்டுப் பயனில்லை. போன மாதம் கோயிலில் தூபக்கால் பக்கத்தில் வந்தது. வயிறு பாதி எழுந்தது, என்ன நினைத்ததோ, மறுபடி உட்கார்ந்துகொண்டது. நானும் நின்றேன்.

எழுதியதை நேற்றுச் சொர்ணத்துக்கு முதலிலிருந்து வாசித்துக் காட்டினேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள். பூசாரி வேட்டி வந்த இடத்தில் சிரித்தாள். முடித்ததும் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"இவ்ளோ பக்கம் வாந்தி எடுத்தத எழுதியிருக்கீங்க," என்றாள். "அத அள்ளிக் கொட்டினது யாருன்னு ஒரு வரி இல்ல."