டெமிட்டரின் பூரிக்கட்டை

ஜெயப்ரியா பிறந்து வளர்ந்தது வங்காளத்துச் சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில். கல்யாணமான பிறகு பெஹாலா. பகலெல்லாம் அலுவலகம்; விடிந்ததும் விடியாததுமாக தமிழில் நாவல் எழுத்து.

கிரேக்கப் புராணத்தில் டெமிட்டர் என்றொரு தானிய தேவதை உண்டு. அவள் மகளைப் பாதாள ராஜா தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். வருஷத்தில் சில மாதம் பாதாளத்தில் கழித்த பிறகுதான் அந்தப் பெண் தாய்வீடு வரலாம். ஜெயப்ரியா அந்தத் தேவதையை லேக் மார்க்கெட்டில் உட்கார்த்தி, வாழைப்பூவும் கறிவேப்பிலையும் விற்க வைத்துவிட்டாள். பாதாள ராஜாவோ மெட்ரோ சுரங்கம் தோண்டும் கான்ட்ராக்டர்.

கதை ஜோராகத்தான் ஓடியது. மகள் திரும்பி வரும் இடத்தில் வந்து படுத்துக்கொண்டது. தாயின் சந்தோஷத்தை எதற்கு ஒப்பிடுவது? எழுதுவதும் அடிப்பதுமாக ஒரு மாதம் போயிற்று.

"கடல் மாதிரி பொங்கினாள்னு போட்டிருக்கியே, நீ கடலைப் பாத்து எத்தனை வருஷமாச்சு?" என்றான் கணவன் நிர்மல்.

"அப்ப நீங்களே ஒண்ணு சொல்லுங்களேன்!"

"நான் காபி போட்டுத் தரேன். அதுதான் என்னால முடிஞ்சது."

மகாளயத்துக்கு மறுநாள் காலை, வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. ஜெயப்ரியா பால்கனியிலிருந்து எட்டிப் பார்த்தாள். எதிர்வீட்டு மிட்டாலி பௌதியின் (பௌதி என்றால் அண்ணி) மகள் துலி, பெங்களூரிலிருந்து துர்கா பூஜைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினாள். அடுத்த நிமிஷம் பௌதி தெருவில் இருந்தாள். ஒரு காலில்தான் செருப்பு. கை முழுக்க மாவு, அதில் பூரிக்கட்டை வேறு. மகளைக் கட்டிக்கொண்டாள். கட்டையைக் கீழே போடத் தோன்றவில்லை. அது துலியின் முதுகில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. "எப்படி இளைச்சுப் போயிட்டே!" என்று பௌதி அழுதாள், சிரித்தாள். டாக்சிக்காரர் ஹாரன் அடிக்கக்கூட மறந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயப்ரியா உள்ளே ஓடினாள். கடல் வரியை அடித்தாள். டெமிட்டரை ஒற்றைச் செருப்போடு, மாவுக் கையோடு தெருவில் இறக்கினாள். இனி உவமை எதுவும் வேண்டியிருக்கவில்லை.

மனசு கேட்காமல் மறுநாளே பௌதியிடம் போய் அந்தப் பக்கத்தை வங்காளத்தில் சொல்லிக் காட்டினாள். கோபித்துக்கொள்வாளோ என்று பயம்தான்.

"ஓ மா! நான் தேவியா?" பௌதி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். துலி விழுந்து விழுந்து சிரித்தாள். சட்டென்று பௌதியின் முகம் மாறியது.

"அதிருக்கட்டும். அந்தக் கிரேக்கக்காரி மகளுக்கு என்ன சமைச்சுப் போட்டா?"

"அதை இன்னும் எழுதலை, பௌதி."

"பிள்ளை பாதாளத்திலேர்ந்து பசியோட வந்திருக்கு, இன்னும் எழுதலையா? உக்காரு. நான் சொல்றேன், நீ எழுது. முதல்ல கடுகு அரைச்சு விட்ட இலிஷ் மீன்..."

சைவ வீட்டுப் பெண்ணான ஜெயப்ரியா, சிரிப்பை அடக்க முடியாமல் பேனாவைத் திறந்தாள்.