கிணறு சமைந்ததும் தலையாரி குரல் தாழ்ந்ததும்

ஒத்தப்பனைப்பட்டித் தலையாரி நல்லகாமனுக்கு வாய்த்தது மனிதத் தொண்டை இல்லை. மதுரைக்கு வடக்கே, அலங்காநல்லூர் போகிற வண்டிப்பாதையிலிருந்து விலகி உள்ளே கிடந்த ஊர் அது. அவன் சாவடி முன்னால் நின்று தமுக்கை ரெண்டு தட்டுத் தட்டி, "இதனால சகலமானவுகளுக்கும்..." என்று எடுத்தால், பக்கத்துக் கீழப்பட்டியில் பால் கறந்துகொண்டிருப்பவன் கை அப்படியே நிற்கும். ஒருதரம் அவன் தும்மியதில் சாவடிப் புளியமரத்து வௌவால் அத்தனையும் பட்டப்பகலில் கிளம்பி அழகர்மலைக்குக் குடிபோய்விட்டன. நம்பாதவர்கள் அந்த மரத்தைப் போய்ப் பார்க்கலாம். இன்றைக்கும் ஒரு வௌவால் கிடையாது.

அந்த ஊருக்கு அரசாங்கம் என்பது நல்லகாமனின் வாய்தான். அம்மை குத்த வருகிறார்கள், கண்மாய் மடை திறக்கிறார்கள், மாட்டுக்கு ஊசி போடுகிறார்கள், எதுவானாலும் மதுரையிலிருந்து ஒரு காகிதம் வரும். கணக்குப்பிள்ளை அதை வாசித்துக் காட்டுவார். நல்லகாமன் ஒருதரம் கேட்டதுமே மனப்பாடம் செய்துகொண்டு தெருத்தெருவாகத் தமுக்கடித்துச் சொல்வான். சொன்னதோடு விட்டால் அவன் நல்லகாமன் இல்லை. காகிதத்தில் இருப்பது உப்பில்லாக் கஞ்சி. கடித்துக்கொள்ள ஒரு வெங்காயமாவது நாம் கொடுக்க வேண்டாமா என்பது அவன் எண்ணம். அதனால் ஒவ்வொரு அறிவிப்பின் வாலிலும் சொந்தச் சரக்கு கொஞ்சம் தொங்கும். ஊர் காத்திருப்பதே அந்த வாலுக்குத்தான்.

வினையும் அந்த வாலில்தான் வந்தது. போன தையில் அம்மை குத்துகிற அறிவிப்பைச் சொல்லி முடித்துவிட்டு, "குத்திக்கிட்டவன் மேல மாட்டுக் கொம்பு படாது. வெள்ளைக்காரன் சோதிச்சுப் பாத்துட்டான்!" என்று ஒரு போடு போட்டான். ஊரிலுள்ள இளவட்டம் அத்தனையும் கையை நீட்டிக்கொண்டு வரிசையில் நின்றது. அம்மை குத்த வந்தவருக்கு ஆனந்தக் கண்ணீர். அடுத்த வாரம் அதே இளவட்டம் அலங்காநல்லூர் வாடிவாசலில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மாட்டுக்கு நேராகப் போய் நின்றது. உயிருக்குச் சேதமில்லை. ஆனால் வீடு திரும்பியவர்களில் பாதிப்பேர் ஒரு மாசத்துக்குக் குப்புறப் படுத்தே கஞ்சி குடித்தார்கள்.

புகார் மதுரைக்குப் போனது. சுகாதார இன்ஸ்பெக்டர் பஞ்சாபகேசன் சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல மனுஷர். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், அவ்வளவுதான். அன்றைக்குத் துடைத்த துடைப்பில் கண்ணாடி தேய்ந்து பாதியாகிவிட்டது.

"நல்லகாமா, இனிமே காகிதத்துல இருக்கிறதுக்கு மேல ஒரு வார்த்தை உன் வாயிலேருந்து வந்தா, தமுக்கு உன் தோள்ல இருக்காது."

நல்லகாமன் தமுக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். அந்தத் தமுக்கு அவன் பாட்டன் தோளிலும் அப்பன் தோளிலும் தொங்கியது. அது இல்லாமல் தெருவில் நடந்தால் வேட்டி இல்லாமல் நடந்த மாதிரி இருக்கும். அதிலும் அது போகப்போகிற இடம் பங்காளி சின்னானின் தோள். சின்னான் குரலோ, குடத்துக்குள் விழுந்த தவளை மேலே வர வழி கேட்பதுபோல இருக்கும்.

ஈஸ்வர வருஷத்துச் சித்திரை. அழகர் ஆற்றில் இறங்கித் திரும்பி மலையேறிய கையோடு, திருவிழாவுக்குப் போய்வந்த கீழப்பட்டியில் வாந்திபேதி கண்டது. பஞ்சாபகேசன் ஒரு சாயங்காலம் ஒத்தப்பனைப்பட்டிக்கு ஓடிவந்து, ஊர்ப் பொதுக்கிணற்றில் தன் கையாலேயே மருந்தைக் கரைத்தார். காகிதத்தைக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு நல்லகாமனைப் பார்த்தார்.

"காலையில தமுக்குப் போட்டுடு. சனிக்கிழமை வருவேன். ஊர் இந்தக் கிணத்துத் தண்ணியைக் குடிக்கணும், கண்மாய்த் தண்ணியைத் தொடப்படாது. தொட்டா, நீ சொன்னது சரியில்லைன்னு அர்த்தம். ஒரு வார்த்தை கூட்டினாலும் தமுக்கு போச்சு. ஜனங்க குடிக்கலேன்னாலும் போச்சு."

பின்னால் நின்ற சின்னான் அப்போதே தோளைத் தட்டித் துடைத்துக்கொண்டான்.

விடிந்தது. நல்லகாமன் தமுக்கை எடுப்பதற்கு முன்பே தண்ணீர் இறைக்கப்போன முத்துத்தாய் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டாள். தண்ணீர் செக்கச்செவேல் என்று ரோஜாப்பூவைக் கசக்கிப் போட்ட மாதிரிக் கிடந்தது. குடத்தைப் போட்டுவிட்டு முகத்தில் கைவைத்துக்கொண்டாள்.

"ஆத்தி! கிணறு சமைஞ்சிருச்சுடி!"

அந்தக் கிணற்றில் ஒரு கன்னித்தெய்வம் இருப்பதாக ஊருக்கு நெடுநாள் நம்பிக்கை. கன்னி என்றால் ஒருநாள் சமைய வேண்டியதுதானே? பொம்பளைகள் குலவை போட்டார்கள். சமைந்த பிள்ளையை ஓலைக் குச்சுக்குள் உட்காரவைத்து, பதினாறாம் நாள் தண்ணீர் ஊற்றும் மட்டும் யாரும் தொடக்கூடாது. அதேபோலக் கிணற்றையும் தொடக்கூடாது என்று முடிவாயிற்று. குச்சுக் கட்ட வேண்டியது தாய்மாமன். கிணற்றுக்குத் தாய்மாமன் யார்?

சாவடியில் வெயில் ஏறுகிற மட்டும் விவாதம் நடந்தது. கடைசியில் ஒரு பெரியாள் வழி கண்டுபிடித்தார். கிணற்றுக்கு ஊற்று வருவது கண்மாயிலிருந்து. அப்படியானால் கண்மாய்தான் தாய். கண்மாய்க்கு மடைக்காவல் இருப்பவன் முத்துத்தாயின் புருஷன் விருமாண்டி. கூடப்பிறந்தவன்கூட அப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டான். ஆகவே விருமாண்டிதான் மாமன்!

விருமாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு பச்சைத் தென்னங்கீற்றை வெட்டிவந்து கிணற்றைச் சுற்றி மறைப்புக் கட்டினான். "சீருக்குப் பட்டுச்சேலை எடுக்க மதுரைக்குப் போறேன்" என்றான். "எடுத்து யாருக்குய்யா கட்டுவ?" என்று கேட்டதற்கு, "கிணத்து ராட்டினத்துக்குக் கட்டுவேன். எங்க வீட்டுச் சீரு குறையப்படாதுல்ல" என்றான்.

இந்தக் கூத்துக்கு நடுவில்தான் நல்லகாமன் தமுக்கோடு வந்து நின்றான். ஊரே வாயைப் பிளந்துகொண்டு கூடியது.

"இதனால சகலமானவுகளுக்கும் தெரிவிப்பது யாதெனில், பேதி நோயைத் தடுக்கும் பொருட்டு, ஜில்லா போர்டார் கிராமக் கிணற்றில் மருந்து கலந்திருக்கிறார்கள். ஜலம் சிவந்திருக்கும். அச்சமின்றிப் பருகலாம். கண்மாய் ஜலத்தைப் பருகலாகாது."

நிறுத்தினான்.

"அப்புறம்?" என்றான் விருமாண்டி.

நாக்கு நுனியில் ஒரு அருமையான வால் வந்து நின்று துடித்தது. கூட்டத்தில் சின்னான் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. நல்லகாமன் வாலை எச்சிலோடு விழுங்கினான்.

"அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தானா? மாப்ள, ஒனக்கு ஒடம்புக்கு என்ன?" என்றான் விருமாண்டி. கூட்டம் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டது. வால் இல்லாத அறிவிப்பை ஊர் கேட்டதே இல்லை. "மருந்தாம்ல மருந்து. தலையாரி மொகத்துலயே களையில்ல. என்னத்தையோ மறைக்கிறான்" என்று சொல்லிக்கொண்டு, குடத்தை எடுத்து நேரே கண்மாய்க்குப் போனது. கண்மாயில் எருமைகள் கழுத்துவரை முங்கிக்கொண்டு, வருகிறவர்களை வரவேற்றன.

மறுநாளும் தெருத்தெருவாகச் சொல்லிப் பார்த்தான். தமுக்குத் தோல் கிழிகிற மட்டும் அடித்தான். கேட்டுவிட்டு எல்லாரும் கண்மாய்க்குத்தான் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை வீட்டுக்குள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். பெண்டாட்டி சோணையம்மாள் கேப்பைக்கூழை நீட்டினாள்.

"ஏய்யா, குடி. தமுக்கு போனா என்ன, தொண்டையா போகுது?"

"ஊருக்குப் பேதி வந்துட்டா என்னடி பண்றது? கீழப்பட்டியில பாயும் படுக்கையுமாக் கெடக்காக. தமுக்கும் போயி, ஊரும் படுத்துட்டா, எந்த மொகத்தோட நடக்க?" அழுகை வருகிறது என்று பெண்டாட்டிக்குத் தெரியக்கூடாதென்று குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

அவன் தாழ்த்திய அந்தக் கணம், சுவருக்கு அந்தப்புறம் ஓடிக்கொண்டிருந்த ஆட்டுக்கல் டக்கென்று நின்றது.

அடுத்த வீட்டில் இருளாயி மாவரைத்துக்கொண்டிருந்தாள். ஊரில் யார் வீட்டில் எந்தப் பானை கரிந்தாலும் முதலில் மணக்கிற மூக்கு அவளுடையது. நல்லகாமன் நிமிர்ந்தான். "கூழுல உப்புப் பத்தல!" என்று உரக்கக் கத்தினான். ஆட்டுக்கல் கரகரவென்று ஓடியது. "சோணை, இங்கிட்டு வாயேன்" என்று மெல்லச் சொன்னான். ஆட்டுக்கல் நின்றது.

நல்லகாமன் முகம் மெல்ல மெல்ல விரிந்தது. இத்தனை நாள் தமுக்கடித்தபோது ஒருதரம்கூட அந்தக் கல் நின்றதில்லை!

எழுந்து போய்த் தமுக்கைத் துண்டால் சுற்றி மூலையில் வைத்தான். பெண்டாட்டியைச் சுவரோரமாக இழுத்து உட்காரவைத்து, அவள் காதருகில் வாயை வைத்து, பூனை பாலுக்குப் போகிற பதத்தில் சொன்னான்:

"பேதி நோயைத் தடுக்கும் பொருட்டு... ஜில்லா போர்டார்... கிராமக் கிணற்றில்... மருந்து கலந்திருக்கிறார்கள்."

சோணையம்மாளுக்கு இதையே கேட்டுக் கேட்டுக் காது புளித்திருந்தது. ஆனால் புருஷன் கண் சுவர்ப்பக்கம் போனதைப் பார்த்தாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை.

"ஐயய்யோ! மெதுவாப் பேசுய்யா. யார் காதுலயும் விழுந்துறப் போகுது!"

"ஜலம் சிவந்திருக்கும்."

"அடி ஆத்தே!"

"அச்சமின்றிப் பருகலாம்."

"நம்ம மட்டும் போயி எடுத்துட்டு வந்துருவமா?"

இதற்குப் பதில் காகிதத்தில் இல்லையே! நல்லகாமன் மிச்சமிருந்ததை மட்டும் சொன்னான்: "கண்மாய் ஜலத்தைப் பருகலாகாது."

சுவருக்கு அந்தப்புறம் அரைத்த மாவை அப்படியே போட்டுவிட்டு யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது.

அன்று உச்சிப்பொழுது. வெயிலுக்கு நாய்கூடத் தெருவில் இல்லை. முத்துத்தாய் முந்தானைக்குள் குடத்தை மறைத்துக்கொண்டு, பூனைநடை நடந்து கீற்று மறைப்புக்குள் தலையை நீட்டினாள். உள்ளே இருளாயி ரெண்டு குடத்தோடு நின்றாள்.

"என்னடி இங்கன?"

"சாணி பொறுக்க வந்தேன் மதினி."

"கிணத்துக்குள்ளயா?"

"நீங்க?"

"எங்க வீட்டுக்காரரு தாய்மாமன்ல. பிள்ளை எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன்."

"குடத்தோடயா?"

அதற்குள் மறைப்பு இன்னொரு பக்கம் விலகியது. பிறகு இன்னொரு பக்கம். ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்து வந்தவள். கொஞ்சநேரத்தில் கீற்று பிய்ந்து தரையில் கிடந்தது. ஊர்ப் பொம்பளைகள் அத்தனை பேரும் இடுப்பில் குடத்தோடு நின்றார்கள். அப்புறம் என்ன ரகசியம்? ராட்டினம் அலறியது. "இருக்கிறதை இருளாயியே எடுத்துட்டா எங்களுக்கு?" என்று சண்டை. விருமாண்டி ஓடிவந்து, "பதினாறு நாள் ஆகலியே!" என்று கத்தினான். "ஒம்ம மருமக பெரிய மனுஷி ஆகி ரொம்ப நாளாச்சு. ஓரமாப் போங்க" என்று முத்துத்தாய் அவன் கையில் ஒரு செம்புத் தண்ணியைத் திணித்தாள். மாமன் குடித்துப் பார்த்து உதட்டைச் சப்பினான். சாயங்காலத்துக்குள் கண்மாய்க்கரையில் எருமையைத் தவிர ஒரு ஜீவன் இல்லை. கீழப்பட்டிக்காரன் திருடிக்கொண்டு போகாமல் கிணற்றுக்குக் காவலும் போட்டாயிற்று!

சனிக்கிழமை பஞ்சாபகேசன் வந்தார். கிணற்றடிக் கூட்டத்தைப் பார்த்துச் சைக்கிளிலிருந்து இறங்க மறந்து அப்படியே சரிந்தார். எழுந்து நல்லகாமனைக் கூப்பிட்டார்.

"நெஜத்தைச் சொல்லு. என்ன சேத்துச் சொன்னே?"

"ஒரு எழுத்துக்கூட இல்லீங்க சாமி."

"சாமி, இவன் நேத்துலேருந்து தமுக்கையே எடுக்கல!" என்று சின்னான் முன்னால் வந்தான்.

கண்ணாடி கழன்றது. இன்ஸ்பெக்டர் துடைத்துக்கொண்டே இருளாயியைப் பார்த்துக் கேட்டார். "ஏம்மா, இந்தத் தண்ணியைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?"

"தெரியாம என்னங்க சாமி? இது மகாராணி குளிக்கிற தண்ணி. நமக்குன்னு ரகசியமா அனுப்பியிருக்காக. குடிச்சா முடி முழங்காலுக்கு வளரும். கிழட்டுப்பசு கன்னு போடும். மாமியாளுக்கு வாயடைச்சுப் போகும்."

"பாத்தீகளா சாமி!" என்று துள்ளினான் சின்னான்.

"இதெல்லாம் தலையாரி சொன்னானா?"

இருளாயிக்குக் கோபம் வந்துவிட்டது. "அவரா? அவருக்கு என்னங்க தெரியும்? வெறும் மருந்து, பேதி வராதுன்னு சப்புன்னு சொன்னாரு. மத்ததெல்லாம் நாங்களா விசாரிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது!"

சின்னான் தோளைத் தடவிக்கொண்டே கூட்டத்துக்குள் மறைந்தான். இன்ஸ்பெக்டர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நல்லகாமனை நெடுநேரம் பார்த்தார். அவன் இருளாயி பக்கம் ஒரு பார்வை, துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்திருந்த தமுக்கின் பக்கம் ஒரு பார்வை என்று பார்த்து, உதட்டில் விரலை வைத்துப் பல்லைக் காட்டினான். எப்படியென்று அவருக்குப் புரிந்துவிட்டது. உதடு கோணாமல் இருக்க மனுஷர் பட்டபாடு!

"தமுக்கு ஒங்கிட்டயே இருக்கட்டும்" என்றார். "இங்கே வா. அடுத்த வாரம் பேதிக்கு ஊசி போட வரோம். காகிதம் கொண்டுவந்திருக்கேன்."

நல்லகாமன் கணக்குப்பிள்ளையைக் கூப்பிடக் குரலெடுத்தான். பஞ்சாபகேசன் அவன் கையைப் பிடித்து நிறுத்தினார். சுற்றுமுற்றும் பார்த்தார். அவனைப் புளியமரத்துக்குப் பின்னால் தள்ளிக்கொண்டு போய், காகிதத்தைப் பிரித்து, அவன் காதோடு காதாகக் கிசுகிசுவென்று வாசிக்க ஆரம்பித்தார்.

கிணற்றடியில் ராட்டினம் டக்கென்று நின்றது.